பாப்பாத்திச்சோலை சிலுவையும் நம்ம இருதய விக்கிரகமும்

டிஸ்கி: இது ஒரு கிறிஸ்தவன் கிறிஸ்தவர்களுக்கு எழுதுவது. மற்றவர்கள் தாராளமாக வாசிக்கலாம். ஆனால் "பாத்தீங்களா, அவனே ஒத்துக்கிட்டான்" என்று தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். மலை எல்லாருக்கும் பிடித்திருக்கிறது.

'இருதயத்திலுள்ள விக்கிரகங்கள்' என்று பாஸ்டர் தலைப்பை அறிவித்தாலே அடுத்து என்ன வரும் என்பது எனக்கு மனப்பாடம். டிவி சீரியல், கிரிக்கெட், சினிமா, செல்போன். முன்வரிசையில் அக்காமார் அதிகம் இருந்தால் கூடவே பட்டுப்புடவையும் நகையும். சின்ன வயதில் மூணாறு எஸ்டேட் சபையில் கேட்டதும் இதுதான். இப்போது டொராண்டோ பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்துக் கூடுகிற ஃபெலோஷிப்பில் கேட்பதும் இதுதான். கிரிக்கெட் இருந்த இடத்தில் நெட்ஃபிளிக்ஸ் வந்திருக்கிறது, அவ்வளவு வித்தியாசம். பிரசங்கம் முடிந்ததும் எல்லாரும் கண்ணை மூடி சீரியலை விட்டுவிடுவதாக ஒப்புக்கொடுப்போம். அப்புறம் சமோசா, டீ. டீ குடிக்கும்போது பேச்சு எதைப் பற்றி? வீட்டு விலை. யார் எங்கே எத்தனை சதுர அடி வாங்கினார்கள், போடி பக்கம் பிளாட் என்ன ரேட், ஊரில் யார் பையனுக்கு எந்த 'ஆளுக'ளில் பெண் பார்க்கிறார்கள். பிரசங்கத்தில் வராத விக்கிரகங்கள் எல்லாம் டீ டேபிளில் வந்து உட்கார்ந்திருக்கும் :-)

இந்தத் தலைப்புக்கு மூல வசனம் எசேக்கியேல் 14. அதை வாசிக்கும்போது யாரிடம் சொல்லப்பட்டது என்பதை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். எதிர் வீட்டுப் புறஜாதியானிடம் சொல்லவில்லை. தீர்க்கதரிசியிடம் வாக்குக் கேட்க வந்து பவ்யமாக உட்கார்ந்திருந்த மூப்பர்களிடம் சொன்னது. அதுவும் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட மூப்பர்களிடம். எசேக்கியேலோடு சிறைப்பட்டுப் போனவர்கள் யார் என்று இரண்டாம் ராஜாக்கள் 24ல் பாருங்கள். பெரிய இடத்து ஆட்கள், தச்சர், கொல்லர். கைத்தொழில் தெரிந்தவர்களையெல்லாம் பாபிலோன் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனது. ஏழைகளை ஊரிலேயே விட்டுவிட்டது. அந்தக் காலத்து ஸ்கில்ட் ஒர்க்கர் விசா! ஆக அந்த அதிகாரம் நம்மைப் போல ஊரை விட்டு வந்து, வேலையும் வீடும் பார்த்துக்கொண்டு, வாரம் தவறாமல் கூட்டத்துக்கும் வருகிற ஆட்களுக்கு எழுதியது. அவர்கள் வீட்டில் சிலை இருந்ததாக அங்கே சொல்லவில்லை. இருதயத்தில் இருந்தது.

அப்படியென்றால் இருதயத்தில் இருக்கிற ஒன்று வெளியே எப்படித் தெரியும்? எங்கள் மலையிலேயே இதற்கு ஒரு உதாரணம் நடந்தது. அதை ஒரு பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

2017 ஏப்ரல் 20. சூரியநெல்லிக்கு மேலே பாப்பாத்திச்சோலை, சின்னக்கானல் வில்லேஜ். அரசு நிலத்தில் ஏறக்குறைய 30 அடி உயரத்துக்கு ஒரு இரும்புச் சிலுவை, கீழே கான்கிரீட் பீடம், பக்கத்தில் ஷெட்டுகள். திருச்சூர்ப் பக்கத்து ஜெபக்குழு ஒன்று வைத்தது. அங்கே ரொம்ப வருஷமாகவே மரச் சிலுவை இருந்தது என்பது அவர்கள் வாதம். ரெவின்யூ அதிகாரிகள் போலீசையும் ஜேசிபியையும் கூட்டிக்கொண்டு அதிகாலையில் மலை ஏறினார்கள். வழியில் வண்டிகளை நிறுத்தி மறித்திருந்தார்கள். அதையெல்லாம் தள்ளிவிட்டுப் போய் சிலுவையைச் சாய்த்தார்கள். எல்லா மலையாளச் சேனலிலும் அது ஓடியது. முதலமைச்சர் பினராயி விஜயனுக்கே கோபம். ஆக்கிரமிப்பை எடுக்கலாம், சிலுவையில் கை வைத்திருக்க வேண்டாம் என்கிற தொனியில் பேசினார். சில நாளில் அதே இடத்தில் மறுபடி ஒரு மரச் சிலுவை முளைத்தது. தேவிகுளம் சப்-கலெக்டருக்கு ஜூலையில் டிரான்ஸ்ஃபர். கேரளத்தில் இது ஒன்றும் புதுக் கதை இல்லை. 2007ல் வி.எஸ். அச்சுதானந்தன் மூணாறுக்கு அனுப்பின 'மூன்று பூனைகள்' ஜேசிபியோடு ரிசார்ட்டுகளை இடித்ததும், அந்தப் பூனைகளையே கொஞ்ச நாளில் பெட்டிக்குள் போட்டதும் ஊருக்கே தெரியும்.

அந்த வாரம் எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளில் முக்கால்வாசி 'சிலுவையை இடித்தார்கள், சபை துன்பப்படுகிறது, ஜெபியுங்கள்' என்ற ரகம். நிலம் யாருடையது என்று கேட்ட ஒரு செய்திகூட இல்லை. எனக்கு இடித்தது இதுதான். சிலுவை விழுந்ததில் பதறின மனசு, சிலுவையின் நிழலில் எத்தனை ஏக்கர் இருந்தது என்று கேட்கவே இல்லை. நியாயமாகச் சொன்னால், அன்றைக்குக் கேரள சபைத் தலைவர்களில் பலர் ஆக்கிரமிப்புக்குச் சிலுவையைப் பயன்படுத்துவதை ஆதரிக்க முடியாது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். பதறினது நம் போன்ற சாதாரண விசுவாசிகள்தான்.

"ஒரே ஒரு குழு செய்ததுக்கு எல்லாரையும் சொல்லலாமா?" என்பீர்கள். 2025 மார்ச்சில் பீர்மேடு பக்கம் பருந்தும்பாறையில் என்ன நடந்தது? அரசு நிலத்தில் ரிசார்ட் கட்டிய ஒருவருக்கு ஸ்டாப் மெமோ போகிறது. போன பிறகு அங்கே அவசர அவசரமாக ஒரு சிலுவை எழும்புகிறது. அதையும் அதிகாரிகள் எடுத்தார்கள். இதில் ஜெபக்குழுவும் இல்லை, மரச் சிலுவை பாரம்பரியமும் இல்லை. சிலுவை இருந்தால் ஜேசிபி தயங்கும் என்ற ஒரே கணக்குதான். எட்டு வருஷத்தில் நாம் கற்றுக்கொடுத்த பாடம் அது.

ஆகமத்தில் இதற்கு நேரான கதை இருக்கிறது. வனாந்தரத்தில் மோசே வெண்கலத்தில் ஒரு சர்ப்பம் செய்து கம்பத்தில் தூக்கிவைத்தார். தேவன் சொல்லித்தான் செய்தார். பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பல நூறு வருஷம் கழித்து எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டார். ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். நெகுஸ்தான் என்று அதற்குப் பெயர். வெறும் வெண்கலத் துண்டு என்கிற மாதிரியான பெயர். எசேக்கியாவை இதற்காக வேதம் திட்டவில்லை, பாராட்டுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். யோவான் 3ல் இயேசு தம்முடைய சிலுவைக்கு உவமையாக எடுத்தது இதே சர்ப்பத்தைத்தான். சிலுவைக்கு முன்னோடியான பொருளே விக்கிரகமாகி, ஒரு அரசாங்கத்தின் கையால் உடைக்கப்பட்டிருக்கிறது! அப்படியிருக்க சிலுவை மட்டும் விக்கிரகமாக முடியாது என்று யார் நமக்கு உத்தரவாதம் கொடுத்தது?

சிலுவைக்கு யாரும் அங்கே தூபம் காட்டவில்லையே என்று ஒரு நண்பர் போனில் கேட்டார். சரியான கேள்வி. அங்கே கும்பிடப்பட்டது சிலுவை இல்லை. நிலம். கொலோசெயருக்கு எழுதும்போது பவுல் பொருளாசையையே விக்கிரக வணக்கம் என்கிறார். வேறு எந்த ஆசைக்கும் அங்கே அந்தப் பட்டத்தைக் கொடுக்கவில்லை. நிலம் என்ற விக்கிரகம் தன் சொந்த உருவத்தில் வந்து நின்றால் சபையில் யாரும் கும்பிட மாட்டார்கள். அது நமக்குப் பிடித்த உருவத்தை எடுத்துக்கொண்டு வருகிறது. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பிடுங்க யேசபேல் முதலில் என்ன செய்தாள் என்று பாருங்கள். ஊரில் ஒரு உபவாசத்தை அறிவித்தாள். ஆவிக்குரிய கூட்டம்!

இந்த இடத்தில் இடுக்கி மலையாளி நண்பர்களுக்குக் கோபம் வரும். வரவேண்டியதுதான், அவர்கள் பக்கம் உண்மை இருக்கிறது. 1940களில் அரிசிப் பஞ்சம் வந்தபோது திருவிதாங்கூர் அரசே மலையில் போய்ப் பயிர் செய்யச் சொன்னது. 1955ல் பட்டம் தாணுப்பிள்ளை ஹைரேஞ்சில் காலனித் திட்டம் போட்டு ஆட்களைக் குடியேற்றினார். தமிழர் அதிகம் இருந்த தேவிகுளம், பீர்மேட்டில் மலையாளிகளைக் கூட்டவேண்டும் என்ற அரசியலும் அதில் இருந்தது, அது தனிக்கதை. மலேரியாவிலும் யானையிடமும் செத்தவர்கள் போக மிச்சமிருந்தவர்கள்தான் இன்றைக்கு ஏலமும் மிளகும் வைத்திருக்கிற பலரின் தாத்தா பாட்டி. 1961ல் ஐயப்பன்கோயிலிலிருந்து அவர்களை அடித்து விரட்டி குமுளி பக்கம் அமராவதியில் மழையில் கொட்டினபோது, ஏ.கே.ஜி அங்கே உண்ணாவிரதம் இருந்தார். கம்யூனிஸ்ட்டுகளை ஜென்ம விரோதியாக நினைத்த வடக்கன் அச்சனும் அவரோடு வந்து நின்றார். அந்தக் குடியானவன் தன் மண்ணில் வைத்திருக்கும் ஒன்றரை ஏக்கரை நான் விக்கிரகம் என்று சொல்லவில்லை. அவன் வியர்வையின் கதையைக் காட்டி மலை உச்சியில் ரிசார்ட் கட்டுகிறவனைச் சொல்கிறேன்.

என் அம்மா வீடு பாலக்காடு பக்கம், கொழிஞ்சாம்பாறை. அந்த மாவட்டத்திலும் ஒரு மலை இருக்கிறது, அட்டப்பாடி. எங்கள் சித்திமார் தியானக் கூட்டத்துக்கு வேன் பிடித்துப் போகிற இடம். பாவத்தை அறிக்கையிட்டு அழுதுவிட்டு வருவார்கள். அந்த மலையில் 1951ல் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் ஆதிவாசிகள். இருளர், முடுகர், குறும்பர். 2011 கணக்கெடுப்பில் பாதிக்கும் கீழே. நடுவில் நிலம் கை மாறியது. வாங்கினவர்களில் நம் தமிழ்க் கவுண்டர்களும் உண்டு, திருவிதாங்கூரிலிருந்து வந்த கிறிஸ்தவர்களும் உண்டு. சாராயத்துக்கும் கைமாற்றுக் கடனுக்கும் வெற்றுத்தாளில் வைத்த கைநாட்டுக்கும் போன நிலம் எத்தனையோ. 1975ல் கேரள சட்டசபை ஒரு சட்டம் போட்டது: ஆதிவாசியிடமிருந்து போன நிலம் ஆதிவாசிக்கே திரும்ப வேண்டும். விதிகளை எழுதவே 1986 ஆகிவிட்டது. 1993ல் ஹைகோர்ட் நிறைவேற்றச் சொன்ன பிறகும் இழுத்தார்கள். 1996ல் சட்டத்தையே நீர்த்துப் போகச்செய்யும் திருத்தம் வந்தபோது எதிர்த்து நின்றது கே.ஆர். கௌரியம்மா ஒருவர்தான். கடைசியில் 1999ல் வேறு சட்டம் வந்தது. இரண்டு ஹெக்டேர் வரை வாங்கினவனே வைத்துக்கொள்ளலாம், ஆதிவாசிக்கு அரசு வேறு எங்காவது கொடுக்கும்.

சகேயுவுக்கு எந்தச் சட்டமும் இல்லை. ஸ்டாப் மெமோவும் போகவில்லை. இயேசு வீட்டுக்குள் வந்ததும் அவனே எழுந்து நின்று பாதியை ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதை நாலு மடங்காய் என்று கணக்குச் சொன்னான். அதற்குப் பிறகுதான் இரட்சிப்பு இந்த வீட்டுக்கு வந்தது என்கிற பேச்சு வருகிறது. கேரளத்தில் சட்டம் இருந்தது. இருபத்துநாலு வருஷம் இருந்தது. அத்தனை வருஷத்தில், அத்தனை தியான மையங்களில், அத்தனை கண்ணீரில், 'சாமி, அந்த மூன்று ஏக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்' என்று ஒரு சாட்சியை நான் கேட்டதில்லை. சீரியலை விட்ட சாட்சி நிறையக் கேட்டிருக்கிறேன்.

டிம் கெல்லர் என்ற நியூயார்க் பாஸ்டர் (2023ல் காலமானார்) 2009ல் 'கவுன்ட்டர்ஃபிட் காட்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். நம் ஃபெலோஷிப்புகளில் சிறு குழுக்கள் விரும்பிப் படிக்கிற புத்தகம். நல்லதொரு பொருள் உச்சப் பொருளாகிவிட்டால் அதுவே விக்கிரகம் என்பது அதன் சாரம். நல்ல புத்தகம், எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நாம் அதை வாசிக்கிற விதத்தில் விக்கிரகம் முழுக்க மனசுக்குள் நடக்கிற விவகாரமாகிவிடுகிறது. 'பிரதர், எனக்கு வேலை ஒரு ஐடல் ஆயிடுச்சு, ஜெபம் பண்ணுங்க.' ஜெபம் முடிந்தது, மனசு லேசானது, வேலையும் போகவில்லை, சம்பளமும் குறையவில்லை. விக்கிரகத்துக்கு இதைவிடச் சௌகரியமான வீடு கிடைக்குமா? எசேக்கியா உணர்ச்சிவசப்பட்டு நிறுத்தவில்லை, உடைத்தார். சகேயு பையைத் திறந்தான்.

நிலம் விக்கிரகமா இல்லையா என்று தெரிய வேண்டுமென்றால் நிலமே இல்லாதவர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாப்பாத்திச்சோலையிலிருந்து பார்த்தால் அதே மலைத்தொடரில் எஸ்டேட் லயங்கள். ஒரு அறை, ஒரு அடுக்களை. மூன்று தலைமுறையாகத் தேயிலை கிள்ளின குடும்பங்கள், பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துத் தமிழர்கள். அதில் சபையில் பாடுகிறவர்களும் உண்டு, மாரியம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைக்கிறவர்களும் உண்டு. ரிட்டயர் ஆனால், வீட்டில் வேறு யாரும் வேலையில் இல்லையென்றால், லயத்தைக் காலி பண்ண வேண்டும். எங்கள் தாத்தா முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தார். வெளியே வரும்போது இரண்டு டிரங்குப் பெட்டி. 2015 செப்டம்பரில் 'பெண்பிள்ளை ஒருமை' என்று அந்தப் பெண்கள் யூனியன் தலைவர்களையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு மூணாறு ரோட்டில் உட்கார்ந்தபோது ஒரு நாள் கூலி 232 ரூபாய். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். பலர் கயத்தாறுக்காரர்கள், ஒரே சொந்தக்காரர்கள்.

இவர்களில் யாருக்காவது மலையில் சிலுவை நட்டு நிலம் வளைக்கத் தோன்றியதா? நட்டிருந்தால் அதைப் பிடுங்க ஜேசிபிகூட வந்திருக்காது, வாட்சர் ஒருவர் போதும். முதலமைச்சரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்.

நிலத்துக்கு அடுத்தது ஜாதி. அதற்குத் தனிப் பதிவு வேண்டும், இப்போதைக்கு ஒன்று. 2018 மே கடைசியில் கோட்டயத்தில் ஒரு தலித் கிறிஸ்தவ இளைஞனைக் கடத்திக்கொண்டுபோய்க் கொன்றார்கள். உடல் தென்மலைப் பக்கம் கிடைத்தது. அவன் கல்யாணம் செய்துகொண்டதும் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணைத்தான். 2019 ஆகஸ்டில் பெண்ணின் அண்ணன் உட்பட 10 பேருக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்த கோர்ட், இது கௌரவக் கொலை என்றே சொன்னது. ஞானஸ்நானம் இரண்டு பக்கமும் உண்டு. அப்படியானால் பலி எந்த தேவனுக்குக் கொடுக்கப்பட்டது? நம் திருமண விளம்பரங்களில் 'மறுபடியும் பிறந்த' என்று போட்டுவிட்டு அடுத்த வார்த்தையாக ஜாதியைப் போடுகிறோமே, மறுபடியும் பிறந்தும் அதே ஜாதியில்தான் பிறந்திருக்கிறோம் போல.

சரி, இங்கே வருவோம். கனடாவில் காலையில் பள்ளிக்கூடங்களில் இந்த மண் எந்தப் பூர்வகுடிகளுடையது என்று ஒரு அறிக்கை வாசிக்கிறார்கள். டொராண்டோ நிலத்தை 1787லும் 1805லும் மிசிசாகா மக்களிடமிருந்து எழுதி வாங்கின விதம் சரியில்லை என்று வழக்கு நடந்து, 2010ல் 14.5 கோடி டாலருக்குத் தீர்வானது. நிலம் திரும்பவில்லை, பணம் போனது. அதுவாவது போனது. நாம் ஞாயிறு கூடுகிற ஹால் அந்த மண்ணில்தான் இருக்கிறது. நம் சாட்சிகள்: பி.ஆர். கிடைத்தது, ஸ்தோத்திரம். டிடாச்டு வீடு வாங்கினோம், ஸ்தோத்திரம். நானும் கை தட்டுகிறவன்தான், வீடு வாங்கினது பாவமும் இல்லை. கர்த்தர் கொடுத்தவற்றின் பட்டியலில் எப்போதும் சொத்து மட்டுமே ஏறுகிறது என்பதுதான் என் பிரச்சினை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. இங்கே இருக்கிற ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து மூணாறு பக்கம் ஒரு மலையில் ஜெப கோபுரம் கட்ட வசூல் செய்கிறார்கள். அழகான படம் அனுப்பினார்கள். பனி, புல்மேடு, நடுவில் வெள்ளையாய் ஒரு சிலுவை. யார் ஊழியம் என்று இங்கே எழுதப் போவதில்லை. நான் கேட்டது இரண்டே கேள்விதான். பட்டயம் யார் பேரில் இருக்கிறது? எந்த வருஷத்துப் பட்டயம்? இரண்டாவது கேள்விக்கு எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அர்த்தம் தெரியும். 1999ல் தேவிகுளத்தில் ரவீந்திரன் என்ற துணைத் தாசில்தார் அதிகாரமில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த 530 பட்டயங்களை 2022 ஜனவரியில் அரசு ரத்து செய்ய உத்தரவு போட்டது. 'ரவீந்திரன் பட்டயம்' என்றால் மூணாறில் டீக்கடைப் பையனும் சிரிப்பான்.

பதில் வந்தது: "தம்பி, விசுவாசத்தில் நடக்கிற காரியத்துக்குப் பேப்பர் கேட்கக் கூடாது." இன்னொரு அண்ணன் தனியாகக் கூப்பிட்டு, "நீ கேட்டது சரிதாம்ப்பா, ஆனா குரூப்ல கேட்டிருக்க வேணாம்" என்றார். மூன்றாமவர், லயத்திலிருந்து ரிட்டயர் ஆனவர்களுக்கு மூன்று சென்ட் வாங்கிக் கொடுக்க அதே பணத்தைத் திருப்பலாமே என்று நான் எழுதினதற்கு, அது சோஷியல் ஒர்க், இது ஊழியம் என்று விளக்கம் கொடுத்தார்.

நாலு மாதம் ஆயிற்று. வசூல் நன்றாக நடப்பதாகக் கேள்வி. பட்டயத்தின் நகல் இன்னும் வரவில்லை. வந்தால் சர்வே நம்பரை வில்லேஜ் ஆபீசில் காட்டிக் கேட்டுச் சொல்ல ஊரில் என் மச்சான் தயாராக இருக்கிறான். அது வரைக்கும் என் செக் புத்தகம் மேஜை டிராயரில்தான் இருக்கிறது.